பாடும் வாயும் வரையும் கையும்

(பாடவும் வரையவும் விரும்பும் இளைஞர்கள் நத்தத்தில் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒருவர் பாட்டு எழுதிப் பாடுகிறார். அவருடைய சிநேகிதர் அந்தப் பாட்டுக்கு ஓவியங்கள் வரைந்து, அவற்றை அசைய வைத்து, படமாக்கித் தருகிறார். இதைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்திருக்கிறீர்கள். கணினி வந்த பிறகு முளைத்த வேலை இது என்று பலர் நினைக்கிறார்கள். நம் தென் மாவட்டங்களில் திருவிழாவுக்குத் திருவிழா நடந்த வேலைதான் இது.

தோல்பாவைக்கூத்தை எண்ணிப் பாருங்கள். ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, உருவம் வெட்டி, துளையிட்டு, சாயம் தீட்டிய பாவைகள். முன்னால் வெள்ளைத் திரை, பின்னால் விளக்கு. மராத்தியை வீட்டுமொழியாகக் கொண்ட மண்டிகர் குடும்பங்கள் ஊர் ஊராகக் கொண்டுவந்த கலை. ராமாயணம் நடக்கும், நல்லதங்காள் கதை நடக்கும். நடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து கூட்டத்தைச் சிரிக்க வைப்பார்கள். பக்கவாத்தியத்துக்கு ஆள் உண்டு. ஆனால் பாவையை ஆட்டுகிறவர் ஒருவர்தான். ராமனுக்கும் அவர் குரல், சீதைக்கும் அவர் குரல். பாட்டை இழுத்தால் பாவையின் கை மெல்ல உயரும். தாளம் முடுகினால் பாவையும் முடுகும். பாட்டுக்கும் படத்துக்கும் நடுவே இடைவெளியே விழாது. ஏனென்றால் பாடுகிற வாயும் ஆட்டுகிற கையும் ஒரே உடம்பில் இருந்தன.

இன்று அந்த வாயும் கையும் இரண்டு ஆட்களாகப் பிரிந்துவிட்டன. ஒருவர் பாடி அனுப்புகிறார், இன்னொருவர் எங்கோ உட்கார்ந்து வரைகிறார். இருவரையும் மறுபடி ஓர் உடம்பாக்க எதனால் முடியும்? பணத்தால் மட்டும் முடியாது. பணம் கட்டாயம் கொடுக்க வேண்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் சிநேகிதம் வேண்டும். ஏன் என்பதற்கு முதலில் ஒரு கணக்குச் சொல்கிறேன்.

சினிமாவில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு ஓவியத்தையும் இரண்டு முறை காட்டினால் நொடிக்கு 12 ஓவியம் போதும். கையால் வரைகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். மூன்று நிமிடப் பாட்டு என்றால் 180 நொடி. 180ஐப் 12ஆல் பெருக்கினால் 2160 ஓவியம். ஒரு நாளைக்கு 20 ஓவியம் வரைந்தால் 108 நாள் ஆகும். மூன்று மாதத்துக்கு மேல் ஒருவர் அதே பாட்டோடு எழுந்து, அதே பாட்டோடு படுக்க வேண்டும். கூலிக்கு வருகிறவருக்குப் பத்தாம் நாளே பாட்டு அலுத்துப் போகும். பாடியவர் மேல் அன்பு இருக்கிறவருக்குத்தான் நூறாவது நாளும் அந்தக் குரலில் புதிதாக ஒன்று கேட்கும்.

இன்னும் கொஞ்சம் உள்ளே போவோம், இது வேலையின் உயிரான இடம். நிமிடத்துக்கு 120 தாள அடி விழும் பாட்டு என்றால் அடிக்கும் அடிக்கும் இடையில் சரியாக 12 படம். கணக்கு அழகாக உட்காரும். 100 அடி விழும் பாட்டு என்றால்? 14.4 படம் வரும். படத்தில் புள்ளி நான்கு என்று ஒன்று கிடையாது. அப்போது 14, 14, 15, 14, 15 என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும். ஐந்து அடிக்கு 72 படம் சரியாகிவிடும். இதுகூட இயந்திரத் தாளத்தில் பதிவு செய்த பாட்டுக்குத்தான். நம் ஊர்க் கும்மியையோ பறையையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் சூடு பிடிக்கப் பிடிக்கத் தாளம் முடுகிக்கொண்டே போகும். அங்கே எந்தச் சூத்திரமும் உதவாது. ஒலியைக் கணினியில் விரித்துவைத்து, ஒவ்வொரு அடியையும் காதால் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அடி விழும் படத்தை ஒலிக்கு ஒன்றிரண்டு படம் முன்னதாகவே வைப்பது அனுபவசாலிகள் வழக்கம். அப்போதுதான் கண்ணுக்கும் காதுக்கும் ஒன்றாக விழுந்ததுபோல இருக்கும்.

பறை அடிப்பதை வரையப் போகிற தம்பிக்கு இன்னொன்று சொல்வேன். இரண்டு கையும் ஒரே மாதிரி அசைவதாக வரைந்துவிடாதே. ஒரு கையில் சுண்டுக்குச்சி, மற்றதில் அடிக்குச்சி. ஒன்று மெலிந்து நீண்டது, மற்றது குட்டையானது, இரண்டின் வீச்சும் வேறு. அடிப்பதற்கு முன்னால் தீ மூட்டித் தோலைக் காய்ச்சுவார்கள். அந்தத் தீயை வரைந்தாலே பாட்டின் முதல் பத்து நொடிக்கு வேண்டிய காட்சி கிடைத்துவிடும். இதையெல்லாம் பக்கத்தில் போய் நின்று பார்த்தவனால்தான் வரைய முடியும். திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி நாட்டுப்புறக் கலை மையம் பெண்கள் கையில் பறையைக் கொடுத்து மேடை ஏற்றியது. தொலைவில் தேட வேண்டியதில்லை, நம் மாவட்டத்திலேயே பார்த்துக் கற்கலாம்.

வாயசைவு வரைவதற்கும் நம்மிடம் பாடம் இருக்கிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியலில் எந்த எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்று சொல்லியிருக்கிறது. பகரத்துக்கும் மகரத்துக்கும் இரண்டு உதடும் ஒட்ட வேண்டும். வகரத்துக்குப் பல்லும் உதடும் சேர வேண்டும். வரைகிறவர் இந்த இடங்களைத் தவறவிடாமல் பிடித்துவிட்டால் போதும், நடுவில் உள்ள எழுத்துகளைப் பார்ப்பவரின் கண்ணே நிரப்பிக்கொள்ளும். இலக்கண வகுப்பில் தூங்கியவர்கள் அந்த இயலை ஒருமுறை எடுத்துப் படியுங்கள்.

சிநேகிதம் என்று சொன்னேன். 1949இல் கனடாவில் நடந்ததைக் கேளுங்கள். நார்மன் மெக்லாரன் என்ற கலைஞர், ஈவ்லின் லாம்பார்ட் என்ற கலைஞரோடு சேர்ந்து, படச்சுருளின் மேலேயே நேரடியாக வண்ணம் தீட்டியும் கீறியும் ஒரு படம் செய்தார். இசை, ஆஸ்கர் பீட்டர்சன் என்ற கறுப்பின ஜாஸ் பியானோக் கலைஞருடையது. மெக்லாரனும் பீட்டர்சனும் இசையைப் பதிவு செய்வதற்கு முன்னால் சில நாட்கள் ஒன்றாக உட்கார்ந்தார்கள். இங்கே வண்ணம் சிதறப் போகிறது என்று இவர் சொல்ல, அப்படியானால் இங்கே இப்படி வாசிக்கிறேன் என்று அவர் வாசித்துக் காட்ட, படமும் இசையும் ஒன்றையொன்று வளர்த்தன. முடிந்த பாட்டை வாங்கிப் படம் ஒட்டுவது ஒரு முறை. பாட்டு முடியும் முன்பே படக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வது இந்த இரண்டாவது முறை. சிநேகிதர்களுக்கு மட்டுமே வாய்க்கக்கூடிய முறை அது.

தமிழர் ஒருவரின் கதைக்கு வருகிறேன். மாதங்கி அருள்பிரகாசம். உலகம் அவரை எம்.ஐ.ஏ. என்று அறியும். 1975இல் லண்டனில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் யாழ்ப்பாணம் போனது. போரில் அலைந்து, சென்னையிலும் சில காலம் இருந்து, 1986இல் அகதியாக லண்டன் திரும்பினார். அங்கே சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் திரைப்படம் படித்தார். அப்போது அவர் பாடகி இல்லை. ஓவியரும் படம் எடுப்பவரும்தான். இலாஸ்டிகா என்ற ராக் குழுவின் தலைவி ஜஸ்டின் ஃபிரிஷ்மன் அவருக்குச் சிநேகிதி. 2000இல் வந்த அந்தக் குழுவின் இசைத்தட்டுக்கு மாதங்கிதான் அட்டைப்படம் செய்தார். அவர்களுடைய ஒரு பாட்டுக்கு வீடியோவும் இயக்கினார். அவர்களோடு அமெரிக்கப் பயணம் போய் அதைப் படம்பிடித்தார். ஆக, முதலில் அவர் பாட்டுக்காரிக்குப் படம் செய்து கொடுத்த சிநேகிதி.

அந்தப் பயணத்தில்தான் பீச்சஸ் என்ற பாடகி ரோலண்ட் எம்.சி. 505 என்ற தாளக் கருவியை அவருக்கு அறிமுகப்படுத்தினார். வரைந்த கை பாட்டுக் கட்டத் தொடங்கியது. 'கலாங்' என்ற பாட்டு பிறந்தது. அதை எழுதியவர்களில் ஃபிரிஷ்மனும் ஒருவர். அந்தப் பாட்டின் வீடியோவில் மாதங்கி ஆடுகிறார். பின்னால் அவரே அச்சுவெட்டுத் தகட்டில் தீட்டிய ஓவியங்கள் பெருகி ஓடுகின்றன. பனைமரம், புலி, பீரங்கி வண்டி, கைப்பேசி, லண்டன் அடுக்குமாடிகள். அந்தப் பாட்டின் சொற்களில் யாழ்ப்பாணத்துப் போர்க்கதை கிடையாது. அதை ஓவியம் சொல்கிறது. பாட்டு ஆடச் சொல்லும்போதே, ஆடுகிறவள் எங்கிருந்து தப்பி வந்தவள் என்று படம் சொல்லிவிடுகிறது. 2005இல் வந்த முதல் இசைத்தொகுப்புக்கு அவர் வைத்த பெயர் 'அருளர்', தந்தை ஏற்றிருந்த பெயர்.

ஜஸ்டின் ஃபிரிஷ்மன் என்ன ஆனார் தெரியுமா? இசையை விட்டுவிட்டு அமெரிக்காவில் ஓவியராகிவிட்டார். படம் செய்து கொடுத்தவர் பாடகியானார், பாடியவர் ஓவியரானார். ஒருவர் தொழிலை ஒருவர் அவ்வளவு நெருங்கிப் பார்த்திருக்கிறார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். தூர்தர்ஷன் மட்டுமே இருந்த காலத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு சிறு படம் மறக்காது. ஒன்று என்றால் என்ன, பல என்றால் என்ன என்று ஒரு சிறுவன் அக்காவிடம் கேட்பான். பாட்டிலேயே பதில் வரும். வலையில் சிக்கிய பறவைகள் ஒன்றுசேர்ந்து வலையோடு எழும்பிப் பறக்கும். 'ஏக் அநேக் ஔர் ஏக்தா', 1974, ஃபிலிம்ஸ் டிவிஷன் வெளியீடு. இயக்கியவர் விஜயா முலே. ஓவியம் வரைந்து அசைய வைத்தவர் பீம்சேன். இசை வசந்த் தேசாய். பாடிய சிறுமி சாதனா சர்கம். பின்னாளில் 'அழகி' படத்தில் இளையராஜா இசையில் பாடித் தேசிய விருது பெற்றாரே, அவரேதான். இந்தி ஒரு சொல்கூடத் தெரியாத தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அந்தப் பறவைகள் புரிந்தன. மொழி நின்றுவிட்ட இடத்தைத் தாண்டிப் பாட்டைத் தூக்கிக்கொண்டு போனது ஓவியம். நத்தத்துப் பாட்டு நத்தத்தைத் தாண்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

தமிழ்ச் சினிமாவில் 1989. ஏவி.எம். தயாரித்து எஸ்.பி. முத்துராமன் இயக்கிய 'ராஜா சின்ன ரோஜா'. ரஜினிகாந்தும் குழந்தைகளும் கார்ட்டூன் விலங்குகளோடு ஆடிப்பாடும் பாட்டு. ரஜினியை எல்லாருக்கும் தெரியும். இசை சந்திரபோஸ், பாட்டு வைரமுத்து என்று சிலர் சொல்வீர்கள். விலங்குகளை வரைந்தவர் யார்? ராம் மோகன். வேதியியல் படிப்பை விட்டுவிட்டு 1956இல் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்து, டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸிடம் தொழில் கற்றவர். இந்திய அசைவோவியக் கலைக்கே தந்தை என்று மதிக்கப்படுபவர். 2014இல் பத்மஸ்ரீ பெற்று 2019இல் மறைந்தார். நடிகர் வெறும் வெளியைப் பார்த்துச் சிரித்து நடித்திருப்பார். அந்தப் பார்வை போய் நிற்கும் இடத்தில் ஒரு விலங்கை நிறுத்தி அதையும் சிரிக்க வைத்தவர் அவர். குழந்தையாக அந்தப் பாட்டைப் பார்த்தவர்களுக்கு அவர் பெயர் தெரியாமல் போனது என்னை உறுத்துகிறது. 2021இல் 'எஞ்சாய் எஞ்சாமி' உலகமெங்கும் ஓடியபோது, அதை எழுதிப் பாடிய அறிவு ஓர் இசை இதழின் அட்டையில் இடம்பெறாதது பெரிய விவாதமானது. எழுதிப் பாடியவருக்கே அந்த நிலை என்றால், திரைக்கு வெளியே உட்கார்ந்து வரைந்தவரை யார் நினைப்பார்கள்?

சட்டம் நினைக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 57ஆவது பிரிவு: உரிமையை விற்றுவிட்ட பிறகும், இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவருக்கு உண்டு. 19ஆவது பிரிவு: உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும், எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு, எந்த எல்லைக்குள் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள். சிநேகிதனிடம் போய்க் கையெழுத்துக் கேட்பதா என்று கூச்சப்படாதீர்கள். பாட்டு ஓடாதவரை யாருக்கும் சண்டை வராது. ஓடத் தொடங்கிய பிறகுதான் வரும். சிநேகிதம் கெடாமல் இருக்கத்தான் அந்தத் தாள். எவ்வளவு பணம், எப்போது, வருமானம் வந்தால் யாருக்கு எவ்வளவு, பெயர் எங்கே வரும் என்று ஒரு வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

சரி, நத்தத்தில் எதை வரைவது? எனக்கு முதலில் தோன்றுவது மாசித் திருவிழா. மாரியம்மன் கோயிலில் கழுமரம் ஏறுகிறார்களே, வழுக்கி வழுக்கி, ஒருவர் தோளில் ஒருவர் ஏறி. அதைப் பாட்டின் தாளத்துக்கு வரைந்தால் எப்படி இருக்கும்! ஏறுவதும் சறுக்குவதும் அப்படியே தாளம்தானே. அடுத்து இந்த ஊர்த் தையல்கூடங்கள். ரெடிமேட் சட்டை தைக்கிற அக்காமார்களின் மிஷின் ஓசைக்குள்ளேயே ஒரு நடை இருக்கிறது. மாந்தோப்பும் புளியும் கரந்தமலையும் இருக்கின்றன. 1755இல் ஆங்கிலக் கம்பெனியின் கர்னல் ஹெரானின் படை கோயில்குடிக் கோயிலைக் கொள்ளையிட்டுச் சாமிச் சிலைகளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, நத்தம் கணவாயில் கள்ளர்கள் வழிமறித்துத் தாக்கினார்கள். அதைப் பாட்டாக்கினால் நடிகர்களை வைத்துப் படம் எடுக்கக் குதிரை வேண்டும், பீரங்கி வேண்டும், கோடி வேண்டும். வரைகிறவருக்குக் குதிரைக்கும் ஒரு தாள்தான், கோழிக்கும் ஒரு தாள்தான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பாட்டில் என்ன சொல் வருகிறதோ அதையே வரையாதீர்கள். நிலா என்று பாடும்போது நிலாவையும், மழை என்று பாடும்போது மழையையும் காட்டினால் பார்ப்பவருக்கு ஒன்றும் கூடுவதில்லை. ஒப்பாரிப் பாட்டுக்கு அழுகிற முகத்தை வரைய வேண்டாம், குரலே அழுகிறது. போனவர் போட்டிருந்த சட்டை கொடியில் காற்றுக்கு ஆடுவதை வரையுங்கள். பாட்டு விட்டுவைத்த இடத்தில்தான் ஓவியருக்கு வேலை. எந்த இடத்தை விட்டுவைத்தோம் என்று பாடியவருக்குத் தெரியும். அதனால்தான் இருவரும் பேசிக்கொண்டே செய்ய வேண்டும் என்கிறேன்.

கருவி இல்லை என்று சொல்லாதீர்கள். நார்வே நாட்டு ஆ-ஹா குழுவின் 'டேக் ஆன் மீ' பாட்டுக்கு முதலில் எடுத்த வீடியோ எடுபடவில்லை. பிறகு 1985இல் மைக்கேல் பேட்டர்சனும் கேண்டஸ் ரெக்கிங்கரும், எடுத்த படத்தின் மேல் பென்சிலால் ஏறக்குறைய 3000 ஓவியம் வரைந்தார்கள். அந்த ஆண்டே பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. தாளில் கோடு நடுங்குவதே அந்த வீடியோவின் அழகு. இன்று கிரிட்டா, ஓபன்டூன்ஸ், பிளெண்டர் என்று காசில்லாமல் கிடைக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. லாட்வியா என்ற சின்ன நாட்டின் கிண்ட்ஸ் சில்பலோடிஸ், பிளெண்டரில் செய்த 'ஃப்ளோ' படத்துக்கு 2025இல் ஆஸ்கர் வாங்கினார். இசையமைத்தவர்களில் அவரும் ஒருவர். நம் பாவைக்கூத்துக்காரரைப் போல வாயும் கையும் ஒரே உடம்பில்.

எல்லாருக்கும் அது வாய்க்காது. ஆகவே தேடிப் பிடியுங்கள். இந்த அவையில் பாடுகிறவர்கள் ஒரு பக்கமும் வரைகிறவர்கள் இன்னொரு பக்கமுமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் போய்ப் பேசுங்கள். முதல் முயற்சிக்கு முழுப் பாட்டு வேண்டாம். பல்லவி மட்டும், 30 நொடி, 360 ஓவியம். அதைச் செய்து பார்த்தாலே ஒருவருக்கொருவர் ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். ஊர்ப் பாட்டிகளிடம் பாட்டு வாங்கினால் அவர்களிடம் அனுமதி கேளுங்கள், அவர்கள் பெயரைப் போடுங்கள், பணம் வந்தால் பங்கு கொடுங்கள். பாடியவர் பெயர் எவ்வளவு பெரிய எழுத்தில் வருகிறதோ, அதே அளவில், அதே வரியில், வரைந்தவர் பெயரும் வர வேண்டும். நத்தத்திலிருந்து வரும் முதல் பாட்டிலேயே அந்த வழக்கத்தைத் தொடங்கிவையுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.